நிதானத்துக்கு வந்த வேகம்

பத்திரப் பதிவு அலுவலகத்து ரெக்கார்ட் ரூம் அட்டெண்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. வாசல் காவலாளியிலிருந்து கண்காணிப்பாளர் அம்மா வரை மற்ற எல்லாருக்கும் அவர் நிதானம். வயதில் சின்னவர்கள் நிதானம் அண்ணே என்பார்கள்.

பழைய பத்திரத்தின் நகல் கேட்டு யாராவது மனு கொடுத்தால் அது நிதானத்தின் கைக்குப் போகும். அவர் அதை ஒரு முறை படிப்பார். மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். மறுபடி எடுத்துப் படிப்பார். எழுந்திருப்பார். எழுந்தது சரிதானா என்று யோசிப்பவர் போலக் கொஞ்சம் நிற்பார். அதன்பிறகே அந்த நீண்ட நடைக்கூடத்தில் முதல் அடி விழும். மனு கொடுத்தவருக்குக் கொஞ்சம் வயதாகியிருந்தால், "எதுக்கும் உங்க வாரிசையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்பார் தட்டச்சர். இப்படி மெதுவாகப் போகிற மனிதர் தப்பான பத்திரக் கட்டை ஒருநாளும் எடுத்துவந்ததில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். எடுத்துவந்திருக்கிறார். அதையும் மெதுவாகத்தான் எடுத்துவந்தார்.

வீட்டில் நிலைமை இதற்கு நேரெதிர். அவர் மனைவி தையல்காரி. வாயும் மிஷினும் ஒரே வேகத்தில் ஓடும். கடைத்தெருவுக்குக் கிளம்பினால் அந்த அம்மா முனைக்குப் போய் நின்று திரும்பிப் பார்ப்பார். இவர் அப்போதுதான் வீட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டிருப்பார்.

"வர்றீங்களா, இல்ல நான் காய் வாங்கிச் சமைச்சு இங்கேயே எடுத்துட்டு வந்துடட்டுமா?"

"வந்துக்கிட்டேதானே இருக்கேன்."

"அது உங்களுக்குத் தெரியுது. பார்க்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

மகளுக்குக் கல்யாணமாகிப் போகிற வரை இந்தப் பேச்சு ஒரு வார்த்தைகூட மாறாமல் நடந்தது. மகள் போன பிறகும் நடந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

ஐம்பத்தேழு வயதில் நிதானத்துக்கு வேகம் வந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் மனைவிதான். ஒருநாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகும்போது தனக்கு முன்னால் ஒரு பழக்கப்பட்ட முதுகு போவதைப் பார்த்தார். சட்டை அவர் தைத்ததுதான். உள்ளே இருந்த ஆள்தான் புதிதாகத் தெரிந்தார். உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. கைகள் பக்கவாட்டில் ஒட்டியிருந்தன. சின்னச் சின்ன அடிகள், போகப் போக இன்னும் சின்னதாக, இன்னும் வேகமாக.

"என்னங்க, யாராவது துரத்துறாங்களா?"

"யாரும் துரத்தல. நீதான் பின்னால வர்றே."

அந்த அம்மா கடைத்தெரு வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். வீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டில் புகார் சொன்னார். "இந்த மனுஷன் பின்னாடி என்னால ஓட முடியல." அதில் புகார் கால்வாசிகூட இல்லை, மிச்சம் பெருமை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிதானம் அதைக் கேட்டார். தண்ணீர் குடிக்க எழுந்தவர் உடனே குடிக்காமல், பக்கத்து வீட்டில் வேறு என்ன சொல்லப்படுகிறது என்று தம்ளரும் கையுமாக நின்றார்.

அலுவலகத்தில் இந்த மாற்றம் இன்னும் பலமாக மதிக்கப்பட்டது. தலைமை அலுவலகம் அந்த ஆண்டைத் துரிதச் சேவை ஆண்டு என்று அறிவித்து, அதைச் சொல்லும் சுற்றறிக்கையை மூன்று மாதம் தாமதமாக அனுப்பியிருந்தது. ஒவ்வொரு அலுவலகமும் ஒரு முன்மாதிரி ஊழியரைக் காட்ட வேண்டும். கண்காணிப்பாளர் அம்மா தன் ஊழியர்களை ஒருவர் ஒருவராக மனதில் நிறுத்திப் பார்த்துக் கவலையில் ஆழ்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து நிதானம் கட்டை ஏந்திக்கொண்டு அறைக்குள் பாய்ந்து வந்து மேஜை விளிம்பைப் பிடித்து நின்றார்.

"என்ன நிதானம், இவ்வளவு வேகம்?"

"கேட்டீங்களே மேடம், கட்டு."

அதற்குப் பிறகு அந்த அம்மா அவரைக் கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்கக் கவனிக்க நல்ல குணங்களாக வந்து விழுந்தன. அவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துவிட்டது. சிக்கனம் என்று குறித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது, பணிவு. முகத்தில் சிரிப்போ எரிச்சலோ தெரிவதில்லை. பொதுமக்கள் எல்லாரையும் சமமாகப் பார்க்கிறார். சட்டைப் பொத்தானைப் போட இப்போது ரொம்ப நேரம் ஆவது யாருக்கும் தெரியாது, அது வீட்டில் நடப்பது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

தலைமை அலுவலகத்துக்கு அவர் பெயர் போயிற்று. இயக்குநர் நேரில் வந்து கேடயம் கொடுப்பார், அதற்கு முன்னால் நிதானம் ரெக்கார்ட் ரூமிலிருந்து கூடத்துக்கு ஒரு கட்டை எடுத்துவந்து காட்ட வேண்டும் என்று முடிவானது. ஊழியர்கள் கூடி அவருக்குப் புதுப்பெயர் வைக்கலாமா என்று பேசினார்கள். எக்ஸ்பிரஸ் என்றார் தட்டச்சர். பழகிய வாய்க்கு அது வரவில்லை. நிதானம் என்றே கூப்பிட்டு, வேகத்தைப் பாராட்டினார்கள்.

வேகமாகப் போவது ஒரு பிரச்சினையே இல்லை. நிற்பதுதான். இது அவருக்கு மட்டும் தெரியும். ஆகவே நிற்பதற்கு அவர் இடங்களைப் பார்த்து வைத்திருந்தார். அலுவலகத்தில் கண்காணிப்பாளரின் மேஜை. நடைக்கூடத்தின் கோடியில் ஒரு இரும்பு பீரோ. வீட்டில் நிலைப்படி. தெருவில் விளக்குக் கம்பம். ஒருநாள் சாலையைக் கடக்கப் போனவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்க மனைவி வந்து சேர்ந்தார்.

"எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"சும்மாதான்."

"இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை இப்படிப் பிடிச்சிருப்பீங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவர் விரல்களைப் பார்த்தார். கம்பத்தின் துருவில் அழுந்தி அவை வெளுத்திருந்தன. அந்த அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மறுநாளே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அரை நாள் லீவு எடுக்கச் சொல்லி, மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நரம்பு டாக்டர் இளவயதுப் பெண். நிதானத்தை வராந்தாவில் போய்த் திரும்பி வரச் சொன்னார். போனார். திரும்பும்போது ஒரே இடத்தில் பல அடிகள் வைத்துத் திரும்பினார். வரும்போது வேகம் பிடித்து டாக்டரின் நாற்காலியைப் பிடித்து நின்றார். டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதியதை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் குறிப்பில் ஏதோ எழுதினார்.

"இது பார்க்கின்சன் நோய் ஐயா."

"கை நடுங்கலையே டாக்டர்?" என்றார் மனைவி.

"எல்லாருக்கும் நடுங்காதும்மா. இவருக்கு நடையில காட்டுது. உடம்பு முன்னால சாயுது. விழாம இருக்கக் கால் ஓடி ஓடித் தாங்குது. பார்க்கிறதுக்கு வேகம் மாதிரி இருக்கும், ஆனா அவரா வேகமாப் போகல."

நிதானம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மாப்பிள்ளை டாக்டரின் குறிப்பை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணில் வெளிச்சம் ஏறியது.

மாப்பிள்ளைக்கு ஒரு பதிப்பகத்தில் ஆங்கிலம் தமிழ் அகராதி தொகுக்கும் வேலை. நல்ல பையன். யாராவது விக்கினால்கூட அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பார்.

"ஃபெஸ்டினேட்னு எழுதியிருக்காங்க அத்தை" என்றார், மருந்து வாங்கும் வரிசையில் நின்றபடி. "போன மாசம்தான் இந்த வார்த்தைக்கு வழக்கொழிந்ததுன்னு போட்டு அடிச்சேன். இங்க உயிரோட இருக்கு."

"நல்லதா கெட்டதா?"

"நல்ல வார்த்தை. லத்தீன்ல ஃபெஸ்டினாரேன்னா விரையறது. அதுல விரைந்தங்கிற மாதிரி ஒரு எச்ச வடிவம் இருக்கு. அதைப் பிடிச்சு, கடைசியில ஏட்னு வாலை ஒட்டி இங்கிலீஷ்காரங்க ஒரு வினைச்சொல் பண்ணிக்கிட்டாங்க. அந்த வாலை நிறைய சொல்லுல பார்க்கலாம். கேல்குலேட், டிக்டேட், ஆக்சிலரேட், எல்லாம் அதே தையல்தான்."

"ஆக்சிலரேட் எனக்கே தெரியும். வண்டியில மிதிக்கிறது."

"அதேதான். செலர்னா வேகமான. முன்னால ஆட்னு ஒரு ஒட்டு, அதை நோக்கின்னு அர்த்தம். அதாவது வேகத்தை நோக்கித் தள்ளுறது. அதுக்கு வண்டி வேணும், பெடல் வேணும், மிதிக்கிற கால் வேணும். ஃபெஸ்டினேட்டுக்கு அதெல்லாம் வேண்டாம், தானா விரையும். ஆனா பாவம், இது வந்தப்போ இங்கிலீஷ்ல விரையறதுக்கு ஏற்கனவே நாலஞ்சு சொல் சம்பளம் வாங்கிக்கிட்டு இருந்துச்சு. வேலை கிடைக்காம எங்கேயோ மூலையில கிடந்தது. ஆஸ்பத்திரிக்காரங்கதான் கூப்பிட்டு, அடி சின்னதாகிச் சின்னதாகி, தன்னை மீறி வேகமா ஓடுற நடைக்கு இதை வச்சுக்கிட்டாங்க."

"மாப்பிள்ளை, உங்க மாமாவுக்கு என்ன வியாதின்னு கேட்டா வார்த்தைக்குப் பிறந்த ஊர் சொல்றீங்களே."

"இருங்க அத்தை, தமிழ்ல இதுக்கு அழகா ஒண்ணு இருக்கு. முடுக்குறதுன்னா அடுத்ததை வேகப்படுத்துறது. ஆக்சிலரேட்டுக்கு அதைப் போட்டுட்டோம். முடுகுறதுன்னா தானே விரையறது. யாரும் இப்ப சொல்றதில்ல. ஃபெஸ்டினேட்டுக்கு அதைப் போடலாம்னு பார்க்கிறேன். ஆனா நோயில வர்றது எப்படின்னு விளக்கம் சரியா எழுதணும். மாமா, உங்களுக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?"

நிதானம் யோசித்தார். வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது.

"வேகமா இருக்கு" என்றார்.

மாப்பிள்ளை குறித்துக்கொள்ள எடுத்த பேனாவை மூடிச் சட்டையில் செருகினார்.

மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அடி நீளும். இந்த ஓட்டம் அடங்கும். பழைய நடை அப்படியே வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் நிற்க நினைத்த இடத்தில் நிற்கலாம். மனைவி அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தார். நிதானம் காதில் வாங்கிக்கொண்டது ஒன்றுதான்: ஓட்டம் அடங்கும்.

இயக்குநர் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. நிதானத்தைக் கேட்டால் தன்னை யாரும் எதற்கும் புகழ்ந்ததில்லை என்று சொல்லியிருக்க மாட்டார். அப்படி யோசித்தவர் இல்லை. ஆனால் இந்தச் சில மாதங்களாகக் காவலாளி எழுந்து நிற்கிறார். மனு கொடுத்தவர்கள் கும்பிடுகிறார்கள். வீட்டில் மிஷின் சத்தத்துக்கு நடுவே, வாடிக்கையாளர்களிடம், "எங்க வீட்டுக்காரருக்குக் கேடயம் தர்றாங்களாம்" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் அவரைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை அதுவரை அமைத்ததே கிடையாது. கேடயத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் மெதுவாகிவிடலாம். அதற்குள் ஒன்றும் குடி முழுகிவிடாது. காலையில் மனைவி கையில் கொடுக்கும் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அலுவலகத்துக்குப் போனதும் கைக்குட்டையில் இருந்ததை எடுத்துக் குண்டூசி டப்பாவில் போட்டார். மத்தியான மாத்திரையும் அங்கேயே போயிற்று, ராத்திரி மாத்திரை மறுநாள் காலை வரை கைக்குட்டையிலேயே இருந்தது. வாயிலிருந்து மாத்திரையை மனைவிக்குத் தெரியாமல் கைக்குட்டைக்கு மாற்றியது, பொத்தான் போட அவ்வளவு நேரம் எடுக்கிற ஒருவருக்கு, பெரிய சாதனைதான்.

இயக்குநர் வந்தார். பளபளவென்று துடைத்திருந்த கூடத்தில் நாற்காலிகள் போட்டு, முதல் வரிசையில் ஒரு சோபாவும் போட்டிருந்தார்கள். நிதானம் ரெக்கார்ட் ரூம் வாசலில் கட்டோடு நின்று நடைக்கூடத்தைப் பார்த்தார். கோடியில் பீரோ இல்லை. புகைப்படக்காரர் நிற்க இடம் வேண்டும் என்று அதை நகர்த்தியிருந்தார்கள். பீரோ இருந்த இடத்துக்கு நேர் பின்னால் சோபாவில் இயக்குநர் இருந்தார்.

"ரெடியா நிதானம்?" என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

"மேடம், அந்த பீரோ..."

குரல் இறங்கிப்போயிருந்ததால் அது யாருக்கும் எட்டவில்லை. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நிதானம் முதல் அடியை வேண்டுமென்றே நீளமாக வைத்தார். இரண்டாவதையும் அப்படியே. அதற்குப் பிறகு அடி வைப்பது அவர் வசம் இல்லை. பாதி தூரத்தில் நில் என்று தன் கால்களிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். சுவரைப் பிடிக்கலாம் என்றால் சுவர் ஓரமெல்லாம் கைதட்டுகிறவர்கள். நேரே போய்க் கட்டோடு இயக்குநர் மேல் விழுந்தார். சோபா பின்னால் சாய்ந்து இருவரையும் பெற்றுக்கொண்டது.

மூன்று பேரும், அதாவது சோபாவையும் சேர்த்து, எழுப்பி நிறுத்தப்பட்டார்கள். நிதானத்தின் முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. இயக்குநரின் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. மறுபக்கம் வழியாக அவர் நிதானத்தைப் பார்த்தார்.

"இந்த ஆர்வம்தான் எனக்கு வேணும்" என்றார்.

கேடயம் கிடைத்தது. துறைப் பத்திரிகையில் படமும் வந்தது. மகிழ்ச்சியில் இயக்குநரைத் தழுவிக்கொள்ளும் முன்மாதிரி ஊழியர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

விழுந்த அன்று சாயங்காலம் முழங்கைக்கு மருந்து போடும்போது மனைவி எப்படி ஆயிற்று என்று கேட்டார். சொன்னார். மாத்திரை போட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். அதையும் சொன்னார். திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. அந்த அம்மா பஞ்சை வைத்துவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தார், ஆனால் மிதிக்கவில்லை.

"மெதுவா நடந்தப்போ வாய்க்கு வந்ததைப் பேசினேன். அது என் வாய். அதைப் போய்க் காதுல வாங்கிட்டு இருந்திருக்கீங்களே."

"எல்லாத்தையும் வாங்கல."

"எதை வாங்கினீங்க?"

"பக்கத்து வீட்டுல சொன்னதை."

அந்த அம்மா எழுந்து வந்து மாத்திரையைக் கையில் கொடுத்தார். விழுங்கி, நாக்கைக் காட்டச் சொன்னார். காட்டினார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அதையும் காட்டினார்.

சில வாரங்களில் மாத்திரை வேலை செய்தது. அடி நீண்டது. நடைக்கூடத்தின் நடுவில், பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில், நிதானம் ஒருநாள் நடையை நிறுத்திப் பார்த்தார். நின்றது. மறுபடி கொஞ்சம் நடந்து இன்னொரு இடத்திலும் நிறுத்திப் பார்த்தார். அங்கேயும் நின்றது. வாசலில் காத்திருந்தவர்களில் ஒருவர் நேரத்தைப் பார்த்தார்.

கண்காணிப்பாளர் அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன நிதானம் இது? கேடயம் வாங்கின கையோட இப்படி ஆயிட்டீங்க? தலைமை அலுவலகத்துல வேற மாவட்டத்துக்காரங்களை எல்லாம் நம்ம ஆபீசைப் பார்க்க அனுப்புறாங்க. அடுத்த வாரம் வர்றாங்க. நான் எதைக் காட்டுவேன்?"

நிதானம் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். நடை வேகமானது ஏன் என்று சொன்னார், பீரோவைச் சொன்னார், மாத்திரையைச் சொன்னார். குரல் சற்றுத் தெளிந்திருந்தது, அதனால் முழுவதும் கேட்டது. அந்த அம்மா உண்மையாகவே வருந்தினார். உட்காரச் சொல்லத் தோன்றவில்லையே தவிர, முகம் வாடிவிட்டது. தன் குறிப்பேட்டில் சிக்கனம், பணிவு என்று எழுதிய பக்கத்தை நினைத்தாரோ என்னவோ, மேஜையில் கிடந்த அதை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"எனக்குத் தெரியாமப் போச்சே."

"எனக்கே முதல்ல தெரியாது மேடம்."

"மாத்திரை எப்ப போடுவீங்க?"

"காலையில, மத்தியானம், ராத்திரி."

அந்த அம்மா மெல்லிய குரலில், மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"ஆபீஸ் நேரத்துல மட்டும் போடாம இருக்க முடியாதா?"

நிதானம் உடனே மறுக்கவில்லை. இதில் அவரை நல்லவராக்கிக் காட்டி லாபமில்லை. யோசித்தார். காலையில் ஒன்று போடாமல் வந்தால் போதுமா, பார்க்க வருகிறவர்கள் போனதும் போட்டுக்கொள்ளலாமா, எழுந்து நிற்பதை நிறுத்திவிட்ட காவலாளி மறுபடி எழுந்து நிற்பாரா என்றெல்லாம் யோசித்தார். பிறகு கால்களிடம் நில் என்று சொல்லி அவை கேட்காமல் போன அந்தப் பாதித் தூரம் ஞாபகம் வந்தது.

"முடியாதுங்க மேடம். உட்கார்ந்து வேலை பார்க்கிற சீட் ஏதாவது கொடுங்க. முத்திரை குத்துற சீட் காலியாத்தான் இருக்கு."

"அது நான் முடிவு பண்றது இல்ல. விண்ணப்பம் எழுதணும், மேல போகணும், பதில் வரணும். ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும்" என்று சொல்லி, அவர் நிலையில் இருப்பவர்கள் யாரும் உட்கார்ந்திராத எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படிவம் கொடுங்க. இங்கேயே எழுதிடறேன். கையெழுத்து கொஞ்சம் பெரிசா வருது இப்ப."

கண்காணிப்பாளர் அம்மா படிவம் எடுத்துவர ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார். யாரும் வரவில்லை. இன்னொரு முறை அழுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். அந்த மணிக்கு வருகிறவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ரெக்கார்ட் ரூம்ல, ரெண்டாவது அலமாரியில, கீழ்த்தட்டுல இருக்கு மேடம்" என்றார் நிதானம்.

அந்த அம்மா எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நடைக்கூடத்தில் இறங்கிப் போனார். திறந்திருந்த கதவு வழியாக நிதானம் அந்த நடையைக் கடைசி வரை பார்த்தார். இரண்டு கையும் வீசித்தான் நடந்தார். கோளாறு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் மெதுவாகப் போனார், அவ்வளவுதான்.